எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்? நோட் ஜேஎஸ்ஸில் ரூட்டிங் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் முதலில் செய்வது, பிரவுசரைத் திறந்து ஓர் இணைய முகவரியை டைப் செய்து என்டர் தட்டுவதுதான். பக்கம் வந்துவிடுகிறது. முகவரியின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினால் வேறு பக்கம் வருகிறது. தவறாக டைப் செய்தால் 404 என்று ஓர் எண் வந்து நிற்கிறது. எந்தப் பக்கத்தைத் தருவது என்று முடிவு செய்வது யார்? அந்தத் தளத்தை நடத்தும் சர்வரில் இயங்கும் ஒரு புரோகிராம். வந்த முகவரியைப் படித்து, அதை எந்த வேலையிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் இந்தப் பணிக்கு ரூட்டிங் என்று பெயர்.

இந்தப் பாடத்தில் ஜாவா ஸ்கிரிப்ட் மொழியில் ரூட்டிங் செய்வது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்திற்கு, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அணைகளின் நீர்மட்டத்தைக் காட்ட நான் எழுதிய ஒரு சிறிய தளத்தையே எடுத்துக்கொள்கிறேன். முன்பின் புரோகிராம் எழுதாதவர்கள் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு படியும் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று புரிந்துகொண்டால் போதும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் தருகிறேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

தளம் என்ன செய்ய வேண்டும்?

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரண்டு பூ. வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் அணை திறப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பேச்சிப்பாறையில் எத்தனை அடி நிற்கிறது?" அக்டோபர், நவம்பர் மழையில் அதே கேள்வி வேறு காரணத்துக்காக வரும். உபரி நீரைத் திறந்துவிட்டால் கோதையாற்றில் வெள்ளம் வரும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், ஆற்றங்கரை வீட்டுக்காரர்கள் தூங்க மாட்டார்கள்.

நீர்மட்டம் நாளிதழ்களில் தினமும் வருகிறது. அதைக் குறித்து வைத்து, கேட்டவருக்குக் கேட்ட அணையின் அளவைக் காட்டுவதுதான் தளத்தின் வேலை. முழுக் கொள்ளளவு நீர்மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. சிற்றாறு-1, சிற்றாறு-2 ஆகிய இரண்டுக்கும் 18 அடி. ஓர் அணையைக் கேட்டவருக்கு வேறோர் அணையின் அளவைக் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கமே வராமல் இருப்பதைவிட அது ஆபத்து. ஆகவே நம் ரூட்டிங்குக்கு ஒரே ஒரு விதி: சரியான பக்கம் தெரிந்தால் கொடு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஊகித்துக் கொடுக்காதே.

கொஞ்சம் வரலாறு

ஜாவா ஸ்கிரிப்ட்டை 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். பிரவுசருக்குள் இயங்குவதற்காகப் பிறந்த மொழி அது. சர்வரில் அதை இயக்கும் முயற்சியை நெட்ஸ்கேப் நிறுவனமே அப்போது செய்தது என்றாலும் அது நிலைக்கவில்லை. கூகுள் 2008-ல் தன் குரோம் பிரவுசருக்காக வி8 என்ற வேகமான இன்ஜினை வெளியிட்டது. அதை எடுத்து, பிரவுசருக்கு வெளியே இயங்கும்படி 2009-ல் ரயன் டால் உருவாக்கியதுதான் நோட் ஜேஎஸ். இது இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

தயார் செய்வது எப்படி?

1. நோட் ஜேஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ தளத்துக்குச் சென்று, எல்டிஎஸ் என்று குறிப்பிட்ட பதிப்பை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்பு என்பது இதன் பொருள்.
2. "அணை" என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள்.
3. நோட்பேடில் புரோகிராமை எழுதி, "சர்வர்" என்ற பெயரும் "ஜேஎஸ்" என்ற பின்னொட்டும் கொடுத்து அந்தப் போல்டரில் சேமியுங்கள். சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் கெட்டுவிடும்.
4. அந்தப் போல்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நோட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு பைலின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் சர்வர் ஓடத் தொடங்கும். நிறுத்த கண்ட்ரோல் கீயுடன் சி கீயை அழுத்துங்கள். புரோகிராமில் எதை மாற்றினாலும் ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும்.

முதல் சர்வர்

நோட் ஜேஎஸ்ஸுடன் எச்டிடிபி என்ற பகுதி கூடவே வருகிறது. அதிலுள்ள கிரியேட் சர்வர் என்ற கட்டளை சர்வரை உருவாக்கும். லிசன் என்ற கட்டளைக்கு 3000 என்று எண் கொடுத்தால், அந்த எண்ணுள்ள போர்ட்டில் சர்வர் காத்திருக்கும். இனி பிரவுசரில் லோக்கல் ஹோஸ்ட் என்று டைப் செய்து, முக்காற்புள்ளி வைத்து 3000 என்று அடித்தால் உங்கள் சர்வரையே அழைக்கிறீர்கள். லோக்கல் ஹோஸ்ட் என்றால் "இதே கம்ப்யூட்டர்" என்று பொருள். ஊரார் பார்க்க வேண்டுமானால் இதே புரோகிராமை வாடகை சர்வர் ஒன்றில் வைக்க வேண்டும். ரூட்டிங்கில் மாற்றம் எதுவும் இருக்காது.

ஒவ்வொரு முறை யாராவது அழைக்கும்போதும் நோட் ஜேஎஸ் உங்களிடம் இரண்டு பொருட்களைத் தரும். ஒன்று ரிக்வெஸ்ட்: வந்தவர் என்ன கேட்டார் என்ற விவரம். மற்றொன்று ரெஸ்பான்ஸ்: நீங்கள் பதில் எழுதி அனுப்ப வேண்டிய தாள். ரூட்டிங் இல்லாத சர்வர், எந்த முகவரியைக் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் தரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, தோவாளைச் சானல், அனந்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் சானல் என்று பல சானல்கள் வழியாக வயலுக்குப் போகிறது. வருகிற தண்ணீர் ஒன்றுதான். எந்த ஷட்டரைத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எந்த வயல் நனையும் என்பது மாறும். ரூட்டர் என்பது நம் புரோகிராமின் புத்தன் அணை.

முகவரியைப் பிரிப்பது

ரிக்வெஸ்ட்டில் யூஆர்எல் என்ற பகுதியில் முகவரி இருக்கும். அதில் தளத்தின் பெயர் இருக்காது. அதற்குப் பின்னால் வருவது மட்டும் இருக்கும். இப்படி:

/அணை/பேச்சிப்பாறை?நாள்=10

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது பாதை. பின்னால் இருப்பது கூடுதல் விவரம். ரூட்டிங் பாதையை மட்டும் பார்க்க வேண்டும். முழு முகவரியையும் அப்படியே ஒப்பிட்டால், பின்னால் ஒரு கேள்விக்குறி ஒட்டிக்கொண்டு வந்தாலே பக்கம் கிடைக்காமல் போகும். இரண்டையும் பிரித்துத் தர, யூஆர்எல் என்ற பெயரிலேயே ஜாவா ஸ்கிரிப்ட்டில் ஒரு கருவி இருக்கிறது. அதனிடம் முகவரியைக் கொடுத்து, பாத் நேம் என்று கேட்டால் பாதை மட்டும் வரும்.

அடுத்து, ஸ்ப்ளிட் என்ற கட்டளையால் பாதையைச் சாய்கோடு உள்ள இடங்களில் வெட்டுங்கள். வெறுமையான துண்டுகளை நீக்குங்கள். "அணை", "பேச்சிப்பாறை" என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். முதல் துண்டு எந்தப் பிரிவு என்று சொல்கிறது. இரண்டாவது, அந்தப் பிரிவில் எது என்று சொல்கிறது. தபால்காரர் பின்கோடு படிப்பது போலத்தான் இதுவும். 629 என்று தொடங்கினால் குமரி மாவட்டம். அடுத்த மூன்று எண்கள் 001 என்றால் நாகர்கோவில், 702 என்றால் கன்னியாகுமரி.

ரூட் அட்டவணை

புரோகிராம் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். நம் தளத்தின் அட்டவணை இது:

/ : முகப்புப் பக்கம்
/அணை : எல்லா அணைகளின் பட்டியல்
/அணை/(பெயர்) : அந்த ஓர் அணையின் நீர்மட்டம்
/சானல்/(பெயர்) : அந்தச் சானலில் தண்ணீர் வரும் நாட்கள்
வேறு எதுவானாலும் : 404

அடைப்புக்குறிக்குள் "பெயர்" என்று போட்டிருப்பது மாறும் பகுதி. ஒவ்வோர் அணைக்கும் தனித்தனி ரூட் எழுதத் தேவையில்லை. ஒரே ரூட், பெயரை எடுத்துப் பட்டியலில் தேடும்.

பட்டியலை வைக்க மேப் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். "பேச்சிப்பாறை" என்று கேட்டால் அதன் விவரத்தைத் தரும், இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்று சொல்லும். இங்கேதான் நம் விதி வருகிறது. பெயர் முழுமையாக ஒத்துப் போக வேண்டும். "சிற்றாறு என்று தொடங்கினால் போதும்" என்று எழுதினீர்கள் என்றால், சிற்றாறு-2 கேட்டவருக்குச் சிற்றாறு-1 கிடைக்கும். இரண்டின் முழு மட்டமும் 18 அடியாக இருப்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. வெறும் "சிற்றாறு" என்று மட்டும் கேட்டால், இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைக் கொடுங்கள்.

தமிழ் முகவரி என்ன ஆகிறது?

நம் முகவரிகள் தமிழில் இருக்கின்றன. தமிழ் விக்கிபீடியா 2003-லிருந்து கட்டுரைத் தலைப்புகளை இப்படித் தமிழிலேயே முகவரியாக வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விக்கிபீடியா கட்டுரை ஒன்றின் முகவரியைக் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழுக்குப் பதிலாகச் சதவீதக் குறியும் எண்களும் எழுத்துகளும் கலந்து நீளமாக வரும்.

காரணம் இதுதான். இணைய முகவரி பயணம் செய்யும்போது அதில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே இருக்கலாம். எனவே பிரவுசர் தமிழை மாற்றி எழுதுகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். புள்ளியும் துணைக்குறிகளும் தனிக் குறியீடுகள் என்பதால், "பேச்சிப்பாறை" என்ற சொல்லில் 12 குறியீடுகள் இருக்கின்றன. முகவரியில் அது 108 எழுத்துகளாக நீண்டுவிடும். சர்வருக்கு வந்து சேர்வது இந்த நீண்ட வடிவம்தான். அதை அப்படியே நம் பட்டியலில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

டீகோட் யூஆர்ஐ காம்பொனன்ட் என்ற கட்டளை அதைத் திரும்பத் தமிழாக்கும். முதலில் சாய்கோட்டில் வெட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு துண்டையும் தமிழாக்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள். மறைத்து எழுதப்பட்ட சாய்கோடு ஒன்று உள்ளே இருந்தால், முதலில் தமிழாக்கும்போது அது வெளிப்பட்டு, வெட்டும் இடம் தவறிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வந்த நீண்ட முகவரியை யாராவது பாதி மட்டும் காப்பி செய்து அனுப்பினால், கடைசி எழுத்து அரைகுறையாக இருக்கும். இந்தக் கட்டளை அதைக் கண்டதும் பிழை காட்டும். அந்தப் பிழையை நீங்கள் பிடிக்காவிட்டால் சர்வரே நின்றுவிடும். ஒருவர் அனுப்பிய அரை முகவரியால் ஊருக்கே தளம் கிடைக்காமல் போகலாம். எனவே முகவரியைப் பிரிக்கும் வேலை, தமிழாக்கும் வேலை இரண்டையும் ட்ரை என்ற பகுதிக்குள் வைத்து, கேட்ச் என்ற பகுதியில் 400 என்ற எண்ணுடன் "முகவரி முழுமையாக இல்லை" என்று பதில் அனுப்புங்கள்.

ஒரே சொல், இரண்டு வடிவம்

"தோவாளை" என்ற சொல்லைப் பாருங்கள். அதிலுள்ள "தோ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். வேறொரு மென்பொருளில் டைப் செய்தவர் "முகவரி சரியாகத்தான் இருக்கிறது, பக்கம் மட்டும் வரவில்லை" என்று சொல்வார். கண்ணால் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. ஒகரமும் ஔகாரமும் வரும் சொற்களிலும் இதே சிக்கல் உண்டு.

தீர்வு ஒரே சொல்: நார்மலைஸ். தமிழாக்கிய ஒவ்வொரு துண்டையும் இந்தக் கட்டளை வழியாக அனுப்பினால், இரண்டு வடிவமும் ஒரே வடிவமாகிவிடும். உங்கள் பட்டியலில் உள்ள பெயர்களையும் இதே வழியாகச் செலுத்துங்கள்.

பழைய முகவரிக்கு வழிமாற்று

நாகர்கோவில் என்று எழுதுபவர்களும் உண்டு, நாகர்கோயில் என்று எழுதுபவர்களும் உண்டு. மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தமிழ் கீபோர்டு இல்லாதவர்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்வார்கள். இந்தப் பெயர்களுக்கெல்லாம் தனிப் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொன்றும் எந்தச் சரியான முகவரிக்குப் போக வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் விக்கிபீடியாவில் இதை வழிமாற்று என்பார்கள்.

வழிமாற்றும்போது 301 என்ற எண்ணையும் லொகேஷன் என்ற தலைப்பில் புதிய முகவரியையும் அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் தமிழை நேரடியாக எழுதினால் நோட் ஜேஎஸ் பிழை காட்டும். என்கோட் யூஆர்ஐ என்ற கட்டளையால் மாற்றி எழுதுங்கள்.

மாறக்கூடிய விஷயங்களை முகவரியில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களோடு எங்கள் மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. பின்னாளில் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் தனித் தாலுகாக்கள் ஆயின. முகவரியில் தாலுகா பெயரைச் சேர்த்திருந்தால், அந்தப் பகுதி முகவரிகள் எல்லாம் அன்றே தவறாகிப் போயிருக்கும். அணையின் பெயர் மாறப்போவதில்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டிய முகவரி பத்து வருடம் கழித்தும் வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு பெயர் வையுங்கள்.

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு

ரிக்வெஸ்ட்டில் மெத்தட் என்று ஒரு விவரமும் வரும். பக்கத்தைப் பார்க்கக் கேட்டால் கெட், தகவலை அனுப்பி மாற்றச் சொன்னால் போஸ்ட். இன்றைய நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் வேலையை ஒருபோதும் கெட் வழியில் வைக்காதீர்கள். ஒரு லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முன்னோட்டம் காட்டுவதற்காக அந்த மென்பொருள் தானாகவே அந்த முகவரியை ஒருமுறை திறந்து பார்க்கும். தேடுபொறிகளும் அப்படியே. அவை திறந்தாலே நீர்மட்டம் மாறும் என்றால் உங்கள் தளத்தை யாரும் நம்ப முடியாது. பதிவு செய்வதைப் போஸ்ட் வழியில் மட்டும், பாஸ்வேர்டு சரிபார்த்த பிறகு அனுமதியுங்கள். பொருந்தாத மெத்தட் வந்தால் 405 என்று பதில் கொடுங்கள்.

எல்லாம் சேர்ந்த வரிசை

1. பாதையைத் தனியே எடுக்க வேண்டும்.
2. சாய்கோட்டில் வெட்ட வேண்டும்.
3. ஒவ்வொரு துண்டையும் தமிழாக்க வேண்டும். முடியாவிட்டால் 400.
4. நார்மலைஸ் செய்ய வேண்டும்.
5. துண்டே இல்லை என்றால் முகப்புப் பக்கம்.
6. வழிமாற்றுப் பட்டியலில் இருந்தால் 301.
7. அட்டவணையில் மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட முகவரிகள் முதலில், மாறும் பகுதி உள்ளவை பிறகு.
8. ரூட் பொருந்தினால் மெத்தட் சரியா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 405.
9. எதுவும் பொருந்தாவிட்டால் 404.

ஒன்பதாவது படி, குளத்தின் மறுகால் மாதிரி. எந்த மடையிலும் போகாத தண்ணீர் கடைசியில் மறுகால் வழியே போக வேண்டும். மறுகால் இல்லாத குளம் கரை உடையும். 404 எழுதாத சர்வரில் கேட்டவர் பதிலே வராமல் காத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தில் "இந்தப் பெயரில் அணை இல்லை" என்று சொல்லி, எல்லா அணைகளின் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். அவர் டைப் செய்த சொல்லை அப்படியே பக்கத்தில் திருப்பிக் காட்டாதீர்கள். விஷமிகள் அதற்குள் ஸ்கிரிப்ட் வைத்து அனுப்பலாம். அதேபோல, முகவரியில் வந்த பெயரை நேரடியாகப் பைல் பெயராக்கித் திறக்கவும் கூடாது. போல்டரை விட்டு வெளியேறும் முகவரியை ஒருவர் டைப் செய்தால் உங்கள் சொந்த பைல்கள் அவர் கைக்குப் போய்விடும். பட்டியலில் உள்ளதை மட்டும் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாப் பதில்களிலும் கன்டென்ட் டைப் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தமிழ், கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்துகளாகவோ தெரியும்.

எக்ஸ்பிரஸ் வேண்டுமா?

2010-ல் வெளிவந்த எக்ஸ்பிரஸ் என்ற இலவசத் தொகுப்பு இந்த வேலைகளில் பலவற்றைச் சுருக்கித் தருகிறது. மாறும் பகுதியை எடுப்பதும் அதைத் தமிழாக்குவதும் அதில் தானாக நடக்கும். ஆனால் நார்மலைஸ், வழிமாற்றுப் பட்டியல், சரியான 404 பக்கம் ஆகியவற்றை அங்கும் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு எக்ஸ்பிரஸ்ஸுக்குப் போனால், அது உள்ளே என்ன செய்கிறது என்பது தெளிவாக விளங்கும்.

செய்து பாருங்கள்

சர்வரை ஓடவிட்டு இந்த ஐந்து சோதனைகளையும் செய்யுங்கள். பெருஞ்சாணியைக் கேளுங்கள். பின்னால் ஒரு கேள்விக்குறி சேர்த்துக் கேளுங்கள். வெறும் "சிற்றாறு" என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாத வைகை அணையைக் கேளுங்கள். கடைசியாக, முகவரியின் முடிவில் ஒரு சதவீதக் குறியை மட்டும் போட்டு என்டர் தட்டுங்கள். முதல் இரண்டுக்கும் ஒரே சரியான பக்கமும், மூன்றாவதற்கு "எது வேண்டும்?" என்ற பக்கமும், நான்காவதற்கு 404-ம், ஐந்தாவதற்கு 400-ம் வந்து, அதன் பிறகும் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ரூட்டிங் தேறிவிட்டது. பிறகு அணைகளை எடுத்துவிட்டு உங்கள் ஊர் பஸ் நேரத்தையோ, நூலகப் புத்தகப் பட்டியலையோ வைத்துப் பாருங்கள். அட்டவணை மட்டும் மாறும், வரிசை இதேதான்.